மக்கா, கெளம்பிட்டியா?

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் விடிகாலையில் நடக்க வருகிற பலரை எழுப்பிவிடுவது அலாரம் இல்லை, பக்கத்துத் தெரு நண்பரின் போன். “மக்கா, கெளம்பிட்டியா?” என்று கேட்டவரிடம் வரவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கூச்சத்தையும் அதற்குள் இருக்கும் அக்கறையையும் ஒரு செல்போன் செயலிக்குள் கொண்டுவர முடியுமா?

தேவை அவசரமானது. 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, 2022இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் இது 57 சதவீதம், ஆண்களில் 42. உலக சுகாதார நிறுவனம் கேட்பதோ வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. பாதை இருக்கிறது, கூட நடக்க ஆள் வேண்டும்.

ஆள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. திருமங்கலம் ஏசியாட் காலனியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நீரிழிவு பற்றி எடுத்துச் சொன்ன பிறகு, குடியிருப்போர் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். செல்போனின் பலத்தையும் சென்னை மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் பாதிப்பேருக்குக் குறுஞ்செய்தியில் தொடர்ந்து அறிவுரை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது.

ஆள் துணையையும் செல்போனையும் ஒன்றாக்குவதுதான் செயலி வடிவமைப்பாளரின் வேலை. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் தோழிகள் சிலர் தங்கள் காலடிக் கணக்கைச் செல்போன் வழியே பகிர்ந்துகொண்ட சோதனையின் முடிவு 2006லேயே வெளியானது. அந்த நாட்டின் ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வில் இருக்கும் குடும்பங்களிடம் நடந்து, 2017இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. அது ஒரு புள்ளி விளையாட்டு. தினமும் வீட்டில் ஒருவர் பெயர் குலுக்கலில் வரும். முந்தைய நாள் அவர் தன் இலக்கை நடந்திருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் புள்ளி நிலைக்கும். நடக்காவிட்டால் எல்லோருக்கும் குறையும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் யாரும் சோம்பியிருக்க முடியாது. விளையாட்டில் சேர்ந்தவர்கள் 53 சதவீத நாட்களில் இலக்கை எட்டினார்கள்; சேராதவர்கள் 32 சதவீத நாட்களில்தான்.

இதை அப்படியே நாகர்கோவிலுக்கு இறக்கிவிட முடியாது. இங்கே வீட்டுப் பெண்களின் போன் பெரும்பாலும் அடுக்களை மேடையில் சார்ஜில் கிடக்கும். நைட்டியில் பெரும்பாலும் பை இருக்காது, புடவையில் பையே இல்லை. கிணற்றடிக்கும் மாடிக்கும் நடந்த நடையெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாது. காலடியை மட்டும் நம்பும் செயலி அவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடும், அது அநியாயம். “அரை மணி நேரம் நடந்தேன்” என்று குரலில் சொன்னாலே பதிவாக வேண்டும். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில், மழை நாளில் வீட்டுக்குள் செய்யும் பயிற்சிக்கும் மதிப்பெண் வேண்டும்.

அறுபது வயது அம்மாவை இருபது வயதுக்காரரோடு ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவதும் கூடாது. போட்டியால் பலன் உண்டு, ஆனால் ஒவ்வொருவரும் தன் பழைய கணக்கை மிஞ்சுவதே போட்டியாக இருந்தால் போதும். குழுவும் தெரிந்த நாலைந்து பேருக்குள் பூட்டியிருக்க வேண்டும். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகளே வெளிச்சமானது 2018 ஜனவரியில் தெரியவந்தது. தனியாக நடக்கும் பெண்ணின் தினசரிப் பாதை அந்நியர் கண்ணில் பட்டால் என்னவாகும்?

குமரி மாவட்டத்துக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். துபாயிலிருக்கும் மகனும் வடசேரியிலிருக்கும் அம்மாவும் ஒரே அணியாகலாம், “அம்மா, நடந்தாச்சா?” என்ற அவன் குரலே செயலியின் நினைவூட்டல் ஆகலாம். இங்குள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாக இதை ஒரு தெருவின் ஐந்தாறு வீடுகளில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம். முதல் வரி கோடு எழுதும் முன், அந்த வீட்டு அம்மாக்களிடம் போனை எங்கே வைத்திருப்பார்கள், எந்த நேரத்தில் வெளியே இறங்க முடியும், யாருடன் நடக்கப் பிடிக்கும் என்று உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.