கருனி மூலநிரலில் குறிப்புரைகள்

கருனி குறிப்புரை என்பது இயங்குதளக் கருனியின் மூலநிரலுக்குள், அதைப் படிக்கும் நிரலாளர்களுக்காக எழுதப்படும் விளக்கம் ஆகும். நிரல்மொழிமாற்றி இதைப் பொருட்படுத்துவதில்லை. எனவே நிரல் மாறி, குறிப்புரை மாறாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. 1991 முதல் பலரால் திருத்தப்பட்டு வரும் லினக்ஸ் கருனி போன்ற பெரிய திட்டங்களில் இது எளிதில் நிகழக்கூடியது.

பழைய குறிப்புரையின் தீங்கு

ஒரு செயற்கூற்றின் மேல், "அழைப்பவர் பூட்டை முன்பே பெற்றிருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். பின்னர் ஒருவர், அச்செயற்கூறே பூட்டைப் பெறுமாறு மாற்றுகிறார்; குறிப்புரையைத் திருத்த மறக்கிறார். அதை நம்புபவர் பூட்டைப் பெற்றுக்கொண்டே அழைப்பார். அது சுழல்பூட்டாக இருந்தால், தான் வைத்திருக்கும் பூட்டுக்காகத் தானே முடிவின்றிக் காத்திருக்கும் நிலை உண்டாகும். சாதாரண செயலியில் அச்செயலி மட்டுமே உறையும். கருனியில் கணினி முழுவதுமே உறைந்துபோகலாம். தவறான குறிப்புரையை விட, குறிப்புரை இல்லாமலிருப்பதே மேல் எனக் கருதப்படுவது இதனால்தான்.

எதை எழுதுவது

நிரல் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்; எப்படிச் செய்கிறது என்பதை விளக்கக் கூடாது என லினக்ஸ் நிரலாக்க நடை வழிகாட்டி அறிவுறுத்துகிறது. செய்முறை அடிக்கடி மாறும். நோக்கம் அவ்வளவு எளிதில் மாறாது. நினைவகத் தடை போன்றவற்றின் காரணம் அந்த வரியைப் பார்த்தால் மட்டும் விளங்காது. ஆகவே குறிப்புரையின்றி அதைச் சேர்த்தால் செக்பேட்ச் என்னும் சோதனைக் கருவி எச்சரிக்கும்.

குறிப்புரையைச் சோதிக்கத்தக்கதாக்கல்

* கெர்னல்-டாக் வடிவில் எழுதிய குறிப்புரையில் ஏதேனும் அளபுரு விடுபட்டால், அதற்குரிய கருவி அதைச் சுட்டிக்காட்டும்.
* பூட்டு பற்றிய நிபந்தனையை நிரல்வரியாகவே எழுதலாம். லாக்டெப் இயக்கப்பட்ட கருனியில், நிபந்தனை மீறப்பட்டால் ஓடும்போதே எச்சரிக்கை வரும்.
* சுவிட்ச் கூற்றில் ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு வேண்டுமென்றே செல்வதைக் குறித்த குறிப்புரைகள், 2020இல் பெருமளவில் தனிக் குறிச்சொல்லாக மாற்றப்பட்டன. அதை நிரல்மொழிமாற்றியே சரிபார்க்கும்.

எனினும், அளபுருவின் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கும் கருவிக்கு, அதன் விளக்கம் உண்மையா என்று தெரியாது. ஆகவே நிரலை மாற்றும் திருத்தத்திலேயே குறிப்புரையையும் திருத்துவதும், மீளாய்வு செய்பவர் மாறிய வரிகளோடு அவற்றுக்கு மேலுள்ள மாறாத குறிப்புரையையும் படிப்பதும் இன்றியமையாதவை.