சீருடைக்குள் பாலியல் தொல்லை: புகார் எங்கே போகிறது?

திருச்சி காட்டூரில் பல வீடுகளின் சம்பளம் திருவெறும்பூர் பக்கத்திலிருந்து வருகிறது. 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையும், டாங்கிகளைத் துளைக்கும் குண்டுகளுக்கான உலோகம் செய்யும் எச்.ஏ.பி.பி.யும் அங்கேதான் இருக்கின்றன. ராணுவத்திலும் விமானப்படையிலும் சேரத் துடிக்கும் பெண் பிள்ளைகளும் இந்தப் பகுதியில் உண்டு. பாதுகாப்புத் துறை வேலைக்கு மகளை அனுப்பும் வீட்டில் பேச வேண்டிய ஒன்றை, 2021 செப்டம்பரில் கோவையில் நடந்த சம்பவம் வெளியே கொண்டுவந்தது.

கோவை விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த பெண் அதிகாரி ஒருவர், உடன் பயிற்சியில் இருந்த அதிகாரி தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டினார். முதலில் மேலதிகாரிகளிடம்தான் போனார். புகாரைக் கைவிடச் சொல்லி அழுத்தம் வந்ததாகவும், தடைசெய்யப்பட்ட இருவிரல் சோதனை தனக்குச் செய்யப்பட்டதாகவும் பிறகு கூறினார். அப்படியொரு சோதனை நடக்கவில்லை என்று விமானப்படைத் தளபதி மறுத்தார். அந்தப் பெண் கோவை அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் படியேறிய பிறகே கைது நடந்தது. சில நாட்களில், குற்றம் சாட்டப்பட்டவரை ராணுவ நீதிமன்ற விசாரணைக்காக விமானப்படையிடம் ஒப்படைக்கக் கோவை நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஏன் அப்படி? 1950-ம் ஆண்டு விமானப்படைச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் பொதுமக்களில் ஒருவர் என்றால், போர்ப்பணி போன்ற சில சூழல்கள் தவிர, வன்கொடுமை வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கே போகும். பாதிக்கப்பட்டவரும் சீருடையில் இருந்தால் படையே விசாரிக்க வழி உண்டு. என் பார்வையில் சிக்கலின் வேர் இதுதான். அதிகாரம், பதவி உயர்வு, விடுப்பு, ரகசிய அறிக்கை எல்லாம் ஒரே வரிசையில் மேலே போகின்றன. புகாரும் அதே வரிசையில்தான் போக வேண்டும் என்றால், பாதிக்கப்பட்டவருக்கு வாய் திறக்கவே துணிவு வராது.

தொல்லை பெரும்பாலும் வன்முறையாகத் தொடங்குவதில்லை. மெஸ்ஸில் உடலைப் பற்றி ஒரு பேச்சு, நள்ளிரவில் வேலைச் சாக்கில் வரும் செய்தி, ஆபாசப் படம், ‘நான் சொன்னா உனக்கு நல்ல போஸ்டிங்’ என்ற ஜாடை, மறுத்தவுடன் திடீரென்று மாறும் டியூட்டி. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இவை எல்லாமே பாலியல் துன்புறுத்தலாகக் கருதப்படலாம். தொடுதல் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேலை நிமித்தம் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்த பேருந்தும் பணியிடமே. மேலதிகாரி கேட்டதற்குக் கீழ்ப்பணியாளர் வாய்மூடி நின்றார் என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அதே சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவராக ஒரு மூத்த பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியாள் ஒருவர். வெளியாளைப் பெயரளவுக்குச் சேர்க்கும் இடங்களில் குழுவே பெயரளவுக்குத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதற்குள் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரையும் மாற்றலாம் என்று சட்டம் சொல்கிறது. புகார் கொடுத்த பெண்ணை மட்டும் பெட்டி கட்டவைப்பது அவருக்கு இன்னொரு தண்டனை. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகாரைப் பொய் என்று சொல்லவும் முடியாது. துப்பாக்கித் தொழிற்சாலையின் சிவிலியன் ஊழியர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

படையில் பாதிக்கப்படும் ஆண்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் படைச் சட்டத்தின் வழியாகவே போக வேண்டும். அத்தகைய எல்லைப் பாதுகாப்புப் படை வழக்கு ஒன்றில், சம்பவத் தேதியில் இருந்த சிறு வேறுபாட்டைக் காட்டி உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேலதிகாரி மீது கீழ்ப்பணியாளர் புகார் சொல்வதில் உள்ள தடைகளை நீதிமன்றங்கள் நினைவில் வைக்க வேண்டும் என்றது.

அமெரிக்காவில் ஃபோர்ட் ஹூட் முகாமில் பணியாற்றிய வனெசா கியென் என்ற இளம் ராணுவ வீராங்கனை 2020-ல் கொல்லப்பட்டார். தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைப் பழிவாங்கலுக்கு அஞ்சி அவர் முறைப்படி புகாராக்கவில்லை என்றது குடும்பம். அதன் பிறகு எழுந்த கோபத்தால், பாலியல் குற்றங்களில் வழக்குத் தொடுக்கும் முடிவு கமாண்டர்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 டிசம்பர் முதல் தனி வழக்கறிஞர் அலுவலகங்களிடம் போனது. இங்கும் அப்படியொரு பிரிப்பு வேண்டும்.

அதுவரை, நடந்ததைத் தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயரோடு அன்றே எழுதி வையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள். புகாரின் நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். வன்கொடுமை என்றால் யூனிட்டின் அனுமதிக்குக் காத்திருக்காமல் மகளிர் காவல் நிலையம் போகலாம். 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்த சக ஊழியர்களே, விசாரணையில் பெரும்பாலும் உங்கள் சாட்சியில்தான் வழக்கு நிற்கும். கூப்பிட்டால் போய்ச் சொல்லுங்கள்.