அயல் வயல் நாற்று

மனித உடல் முழுவதும் ஒரே தடவையில் 4 கிரே அளவுக்குக் கதிர்வீச்சு பட்டால், சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் முற்றிய சிறுவனுக்கு மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பதோ 12 கிரே. நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள். பிரித்துக் கொடுப்பதால் மற்ற உறுப்புகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை தாங்காது. ரத்தம் ஊறும் ஊற்றே வற்றிப்போகும். அப்படியே விட்டால் பிள்ளை பிழைக்காது. அதனால்தான் அடுத்து இன்னொருவரின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை, ஏற்றுகிறார்கள்.

பார்க்க மிகச் சாதாரணம். கத்தி இல்லை, தையல் இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை தொங்கும். உள்ளே போன செல்கள், மஜ்ஜை சுரக்கும் ஒரு வேதிப்பொருளின் தடம்பிடித்து, தாமாகவே எலும்புக்குள் போய்த் தங்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறத் தொடங்கினால், நாற்று வேர் பிடித்துவிட்டது என்று பொருள்.

கதிர் புற்றைக் கொல்கிறது, ஸ்டெம் செல் ஆளைக் காப்பாற்றுகிறது. முதலில் இப்படித்தான் நம்பினார்கள். பாதிதான் உண்மை.

1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் பார்ன்ஸ், லவுட்டிட் குழுவினர் லுகேமியா வந்த சுண்டெலிகளுக்குக் கதிர் கொடுத்து மஜ்ஜை ஏற்றினார்கள். சொந்த இனத்து மஜ்ஜை பெற்றவற்றுக்குப் புற்று திரும்பி வந்தது. வேற்றின மஜ்ஜை பெற்றவற்றுக்கு வரவில்லை. ஆனால் அவை வேறொரு நோயில் மெலிந்து செத்தன. வந்த மஜ்ஜையின் பாதுகாப்பு அணுக்கள் புற்றை மட்டுமல்ல, குடியேறிய உடம்பையே அயலாக நினைத்துத் தாக்கின.

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் டொனால் தாமஸும் இதே சுவரில்தான் முட்டினார். லுகேமியா வந்த இரண்டு குழந்தைகளுக்கு முழு உடல் கதிர்வீச்சு கொடுத்து, அவரவரின் ஒரே அச்சான இரட்டையரின் மஜ்ஜையை ஏற்றியதை 1959இல் எழுதினார். மஜ்ஜை தகராறில்லாமல் வேர் பிடித்தது. சில மாதங்களில் நோய் திரும்பியது. கதிர் தப்பவிட்ட ஒன்றிரண்டு புற்றணுக்களைத் தேடிப் பிடிக்க, அச்சு அசலான மஜ்ஜைக்குத் தோன்றவில்லை. ஆக, வருவது உடம்போடு ஒத்துப்போகவும் வேண்டும், புற்றை அயலென்று கண்டு பாயவும் வேண்டும். எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் பொருந்துகிற அண்ணன் தம்பி, அக்கா தங்கை இந்த இரண்டுக்கும் நடுவில் அமைகிறார்கள். தாமஸ் சியாட்டிலுக்குப் போய், மனைவி டாட்டியோடு இந்த வழியைத் தேறவைத்தார். 1990இல் தாமஸுக்கு நோபல் பரிசு வந்தது. நடுவில் பலர் நம்பிக்கையிழந்து இத்துறையைக் கைவிட்ட ஆண்டுகள் உண்டு; அவர் விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத்தான் பரிசு என்பேன்.

வேலையில் பாதியைப் புதிய அணுக்களே செய்கின்றன என்று தெரிந்த பிறகு, முதியவர்களுக்கு 2 கிரே மட்டும் கொடுக்கும் முறையும் சியாட்டிலிலிருந்தே வந்தது. அங்கே கதிரின் வேலை இடம் ஒதுக்கித் தருவதுதான். பிள்ளைகள் விஷயத்தில் கதிரைக் கைவிட முடியவில்லை. கண்புரை, குழந்தைப்பேறின்மை, வளர்ச்சிக் குறைவு, பிற்காலத்தில் வேறொரு புற்று என அதன் விலை பெரிது. மருந்து மட்டும் போதுமா என்று 4 முதல் 21 வயதுவரையானவர்களிடம் ஒரு பன்னாட்டு ஆய்வு சோதித்தது. 2021இல் முடிவு வந்தது: இரண்டாண்டு கழித்து, கதிர் பெற்றவர்களில் 91 சதவீதத்தினர் உயிரோடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 75 சதவீதத்தினர். வேறுபாட்டைப் பார்த்துச் சேர்க்கையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.



வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்த மஜ்ஜை மாற்று 1986 முதல் நடக்கிறது. உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று; ஒற்றைப் பிள்ளை வீடுகளில் அதுவும் கிடையாது. மிச்சம் இருக்கும் வழிகளில் ஒன்று முகம் தெரியாத கொடையாளர் பதிவேடு. வயது 18 ஆகிவிட்டதா? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்துப் பெயர் பதிந்துவிடுங்கள்.