தொலைவிலிருந்து மென்பொருள் நிறுவுதல்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் தலைநகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்திருக்கிறது. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்கும் இங்கே ஒரு கிளை உண்டு. இப்படிப் பிரிந்த இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் ஆள் அனுப்பி மென்பொருள் நிறுவுவது கடினம். அதை வலையமைப்பு வழியாகவே செய்ய முடியும்.

நிறுவல் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது இணைப்பை. ஐபி முகவரியில் அழைத்தால் பதில் தரும் கணினி, பெயரைச் சொல்லி அழைத்தால் பதில் தராவிட்டால் கோளாறு பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் இருக்கும். விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கு 445, தொலைக் கட்டளைகளுக்கு 5985 என்ற போர்ட்டுகளை ஃபயர்வால் அடைத்திருக்கலாம். பலரும் கவனிக்கத் தவறுவது கடிகாரம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை சரியான கடவுச்சொல்லையும் ஏற்காது.

இணைப்பு சரி என்றால் விண்டோஸ் நிறுவியின் முடிவு எண்ணைப் படிக்க வேண்டும். 0 என்றால் வெற்றி. 3010 என்பதும் வெற்றிதான், மறுதொடக்கம் மட்டும் பாக்கி. 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. 1603 பொதுவான தோல்வி. காரணத்தை லாக் கோப்பில்தான் தேட வேண்டும்.

தொலைவிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதில் ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இயங்குதளமே எழாததால் பல இடங்களில் ஆட்கள் நேரில் சென்றே சரிசெய்தார்கள். எந்தப் புதுப்பிப்பையும் முதலில் சில கணினிகளில் சோதித்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும்.