இருபது பேருக்கு நாற்பது இடம், நாலாயிரம் பேருக்கு?

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் ஒன்றில் இருபக்கமும் லைஃப் போட் தொங்கும். இன்னொன்றில் பின்புறம் சரிவாக ஒரே ஒரு ஆரஞ்சுப் படகு. வேறொன்றில் படகே தெரியாது, வெள்ளைப் பீப்பாய்கள் மட்டும். இந்த வேறுபாடுகளுக்குக் காரணம் ‘சோலாஸ்’ என்ற சர்வதேச உடன்படிக்கையின் மூன்றாம் அத்தியாயமும், 1998 ஜூலை முதல் கட்டாயமாகியுள்ள உயிர்காப்புச் சாதன விதித்தொகுப்பும்தான்.

சந்தேகம்: சரக்குக் கப்பலில் ஆளுக்கு இரண்டு படகு இடம், பயணிகள் கப்பலில் ஒன்றுதான் என்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?

விளக்கம்: கணக்கு உண்மைதான். சரக்குக் கப்பலில் 20 பேர் இருந்தால், ஒவ்வொரு பக்கப் படகிலும் 20 பேருக்கும் இடம் வேண்டும். அது போக, 20 பேருக்கு லைஃப் ராஃப்ட், அதாவது காற்றடைத்து விரியும் மிதவை. நீண்ட தூரம் போகும் பயணிகள் கப்பலிலோ பக்கத்துக்குப் பாதிப்பேர் என்ற கணக்கில்தான் இடம். அதிலும் ஒரு பகுதிக்குப் படகுக்குப் பதிலாக ராஃப்ட் வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக 25 சதவீதத்துக்கு ராஃப்ட். குறுந்தூர சர்வதேசப் பயணம் என்றால் படகுகள் 30 சதவீதம் பேருக்கு இருந்தாலே போதும், மிச்சம் ராஃப்ட்.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுபக்கப் படகை இறக்க முடியாமல் போகலாம். 20 டிகிரி சாய்வு வரை இறக்கக்கூடியதாக அமைக்க வேண்டும் என்பது விதி; அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. இருபது பேருக்கு இரண்டு படகு வைப்பது எளிது. நாலாயிரம் பேருக்கு எட்டாயிரம் இடம் வைக்கக் கப்பலின் பக்கவாட்டில் நீளம் போதாது. எனவே பயணிகள் கப்பலில் உயிர்காக்கும் பொறுப்பு வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது: கப்பலே மூழ்காமல் நிற்க வேண்டும். 2010 ஜூலைக்குப் பிறகு கட்டும் பெரிய பயணிகள் கப்பல், ஓரளவு தீயோ வெள்ளமோ தாக்கினாலும் சொந்த வலுவில் துறைமுகம் திரும்பும்படி இருக்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும், பெருங்கப்பல் வேகமாகச் சாய்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது.

சந்தேகம்: டைட்டானிக் சட்டத்தை மீறியதால்தானே அத்தனை பேர் இறந்தார்கள்?

விளக்கம்: மீறவில்லை. அன்றைய பிரிட்டிஷ் விதி ஆட்களை எண்ணவில்லை, கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் டன் கணக்கைத்தான் பார்த்தது: 10,000 டன்னுக்கு மேல் என்றால் 16 படகு. 46,000 டன் கப்பலுக்கும் அதேதான். டைட்டானிக்கில் 20 படகுகள் இருந்தன. அவற்றில் 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். முதல் சோலாஸ் உடன்படிக்கை 1914இல் உருவானது இந்த விபத்துக்குப் பிறகே.

சந்தேகம்: பின்புறம் சறுக்குமரம் போல நிற்கும் படகில் ஏறினால் உயிர் பிழைக்க முடியுமா?

விளக்கம்: முடியும். உள்ளே எல்லோரும் முதுகைப் படகின் முன்பக்கம் காட்டி அமர்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார்கள். கொக்கியை விடுவித்ததும் படகு முன்முனை கீழாகக் கடலில் பாய்ந்து, எழுந்து, கப்பலை விட்டு விலகிவிடும். இரும்புத்தாது போன்ற கனச்சரக்கு ஏற்றும் பல்க் கப்பல்களில் 2006 ஜூலை முதல் கட்டப்படுபவற்றுக்கு இது கட்டாயம். கிடங்கில் தண்ணீர் புகுந்தால் அவை மிக வேகமாக மூழ்கிவிடும். கயிற்றில் படகை இறக்க அவகாசம் இருக்காது. 1980இல் ஜப்பான் அருகே புயலில் சிக்கிய ‘டெர்பிஷயர்’ என்ற அத்தகைய கப்பல் 44 பேரோடு மறைந்தது.

எண்ணெய்க் கப்பல் படகுக்கு வேறு சோதனை. சுற்றிலும் எண்ணெய் எரியும்போது 8 நிமிடமாவது உள்ளிருப்பவர்களைக் காக்க வேண்டும். நச்சு ஆவி விடும் ரசாயன, எரிவாயுக் கப்பல்களின் படகுகளில் குறைந்தது 10 நிமிடத்துக்குச் சொந்தக் காற்றும் வேண்டும்.

சந்தேகம்: அந்த வெள்ளைப் பீப்பாய்?

விளக்கம்: அதற்குள்தான் ராஃப்ட் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடலில் எறிந்து கயிற்றை இழுத்தால் ஒரு நிமிடத்துக்குள் விரியும். யாரும் எறியாமலே கப்பல் மூழ்கினாலும், 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தமே கட்டை அவிழ்த்துவிடும். உள்ளே ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர். படகில் என்றால் மூன்று லிட்டர். அதிவேகப் பயணிகள் கலங்களுக்கு, நான்கு மணி நேரத்துக்குள் கரை சேரும் தூரத்திலேயே ஓடுவதால், தனி விதித்தொகுப்பு உண்டு. அவற்றில் பெரும்பாலும் ராஃப்ட்தான்.

சந்தேகம்: குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்க வேண்டுமா?

விளக்கம்: சர்வதேசப் பயணம் போகும் கப்பல் பயணிகளில் 10 சதவீத எண்ணிக்கைக்காவது சிறுவர் ஜாக்கெட் வைத்திருக்க வேண்டும், அதைவிடக் குழந்தைகள் அதிகமென்றால் ஒவ்வொருவருக்கும். கைக்குழந்தைக்குத் தனி வகை. ஏறியதுமே கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள், பெரியவர் ஜாக்கெட் குழந்தையின் தலை வழியே நழுவிவிடும். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பல நூறு பயணிகளுக்கு அவசரநிலைப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தலாம் என்று அப்போது விதி அனுமதித்தது. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும்.

சந்தேகம்: தூத்துக்குடித் தோணிக்கும் மீன்பிடிப் படகுக்கும் இவை பொருந்துமா?

விளக்கம்: பொருந்தாது. போர்க்கப்பல், 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல், பழைய முறையில் மரத்தால் கட்டிய கலம், மீன்பிடிக் கலம் எல்லாவற்றையும் சோலாஸ் விலக்கிவைத்திருக்கிறது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிக்கு நம் நாட்டு விதிகள்தான். ஏரி, ஆற்றுப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். 2009இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது இந்தப் புதிய சட்டம் வந்திருக்கவில்லை. விசைப்படகில் ஜாக்கெட் கிடந்தும் போடுவதில்லை என்று மீனவர்களைக் குறை சொல்வது வழக்கம். வலை இழுக்கும்போது பருத்த ஜாக்கெட் இடைஞ்சல் என்கிற அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீரில் விழுந்ததும் தானே காற்று நிரம்பும் மெல்லிய வகை விற்பனையில் உண்டு, விலைதான் கூடுதல். மானியம் தருவதென்றால் அதற்குத் தரலாம்.