மட்டத் தரைக்குச் செய்த நாற்காலி, மஸ்கெலியாச் சரிவில்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பார்க்கக்கூடிய கைச் சக்கர நாற்காலி பெரும்பாலும் ஒரே வார்ப்புத்தான். பின்னால் 24 அங்குலத்தில் இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் 8 அங்குலத்தில் எப்பக்கமும் திரும்பும் இரண்டு சின்னச் சக்கரங்கள், இருக்கைக்கு அடியில் குறுக்காக மடங்கும் இரும்புச் சட்டம், ரெக்சீன் இருக்கை. இதன் மூலவடிவம் 1933இல் அமெரிக்காவில் பிறந்தது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹேர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியியலாளரும் அவருடைய நண்பர் ஹரி ஜெனிங்ஸும், மடித்து மோட்டார் காருக்குள் வைக்கக்கூடிய ஒரு நாற்காலி வேண்டுமென்று செய்தது அது. கார், தார் ரோடு, வழவழப்பான ஆஸ்பத்திரித் தளம் உள்ள உலகத்துக்கு அது மிகவும் பொருந்திப்போயிற்று. அந்த உலகம் மஸ்கெலியாவில் இல்லை. ஆற்றோரத்தில் இருந்த பழைய பட்டணம் 1960களின் இறுதியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட, இன்றைய பட்டணம் அதற்கு மேலே சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தோட்டங்களில் லயன்கள் என்ற தொடர்வீடுகள் படிப்படியாக வெட்டிய மண்மேடையில் இருக்கின்றன. இஸ்தோப்பு என்ற முன்திண்ணைக்கு ஏறப் படி, இஸ்தோப்புக்கு முன்னால் கான் என்ற வடிகால், கானுக்கு அப்பால் கல்லும் மண்ணுமான பாதை. இந்த நிலத்தில் நாற்காலி கவிழ்ந்தால் ‘கவனமில்லாமல் இருந்துவிட்டார்’ என்றுதான் முதலில் சொல்கிறோம். உண்மையில் சக்கர நாற்காலி என்ற இயந்திரத்தின் பாதி, அது உருளும் தரை. ஒரு தரைக்காகச் செய்த பாதியை வேறொரு தரையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மனிதரைக் குறைசொல்வது கணக்குத் தெரியாத பேச்சு.

கவனம் மட்டும் போதுமானதாக இருந்தால், நல்ல ரோடும் நல்ல நாற்காலியும் உள்ள நாடுகளில் யாரும் விழக்கூடாது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வீடுகளில் வாழும் சக்கர நாற்காலிப் பாவனையாளர்களிடம் கேட்டு 1994இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு தடவையாவது முழுதாகக் கவிழ்ந்தோ நாற்காலியிலிருந்து விழுந்தோ இருந்தார்கள். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு மட்டும் சக்கர நாற்காலி தொடர்பான காயங்களுக்காக அவசரப் பிரிவுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பங்கு விழுதலும் கவிழ்தலும்தான். தினமும் பல மணி நேரம் அதிலேயே வாழ்பவர்கள் கவனமற்றவர்களாக இருக்க முடியாது. ஆகவே காரணத்தை எடை விழும் இடத்தில் தேட வேண்டும்.

மனிதரும் நாற்காலியும் சேர்ந்த மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதுதான் பாரமையம். சாதாரண நாற்காலியில் அது வயிற்றுப் பகுதிக்குக் கிட்ட இருக்கும். உதாரணத்துக்கு, அது தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்திலும் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு 20 சென்ரிமீற்றர் முன்னாலும் இருக்கிறது என்போம். அப்புள்ளியிலிருந்து நேர்கீழாக ஒரு நூல் தொங்கவிட்டால் அது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் விழும்வரை நாற்காலி நிற்கும். மேட்டைப் பார்த்து ஏறும்போது நூல் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். மூன்றடிக்கு ஓரடி உயரும் சரிவில் அது பின்சக்கரத்தைத் தாண்ட, நாற்காலி மல்லாந்து விழும். மூன்றுக்கு ஒன்று என்பது தோட்டப் பாதைக்கே கடுமைதான், பயப்படத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் பின்பக்கக் கைப்பிடியில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் பாரமையம் நாலைந்து சென்ரிமீற்றர் பின்வாங்கும், எல்லை நாலுக்கு ஒன்றாகும். அதோடு சக்கரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறி முன்னே தள்ளினால், அந்த வேகமாற்றமே எல்லையை ஆறுக்கு ஒன்றுவரை இறக்கிவிடும். ஆறடிக்கு ஓரடி ஏறும் வாசல்கள் இங்கே எத்தனையோ. ஆகவே ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், பையை மடியிலோ இருக்கைக்கு அடியிலோ வைக்க வேண்டும், சின்னச் சின்னத் தள்ளலாகப் போக வேண்டும்.

இந்தக் கணக்கு யாரைக் கடுமையாகத் தாக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதியால் காலை இழந்தவருக்குச் சாதாரண நாற்காலியே ஆபத்தானது. முன்னால் பாரமாக இருந்த காலின் எடை போய்விட்டதால் பாரமையம் தானாகவே பின்னால் போய்விடுகிறது. முழங்காலுக்கு மேல் இரண்டு காலும் போனவருக்குப் பின்சக்கரத்தின் அச்சைச் சில அங்குலம் பின்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். நன்கொடையாக வரும் மலிவு நாற்காலியில் அச்சை நகர்த்தப் பெரும்பாலும் வழியே இருக்காது. அப்படிப்பட்டவருக்குப் பின்பக்கம் கவிழாமல் தாங்கும் சின்னத் துணைச்சக்கரங்கள் அவசியம். அவற்றுக்கும் ஒரு குறை உண்டு. படியிலும் கான் விளிம்பிலும் அவை முட்டி நிற்கும், அந்த எரிச்சலில் வீட்டார் அவற்றைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். படி ஏற்றும்போது மேலே திருப்பிவிட்டு, ஏறியவுடன் மறுபடி இறக்கிவிடத் தெரிந்திருந்தால் கழற்ற வேண்டிய தேவையே வராது.

முன்னால் விழுவதற்குக் குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சின்னச் சக்கரம். மூன்று சென்ரிமீற்றர் உயரமான ஒரு கல்லை 8 அங்குலச் சக்கரம் ஏறித் தாண்ட, அதன்மேல் இருக்கும் பாரத்துக்குச் சமமான விசை கிடையாகத் தேவை. அதே பாரத்தோடு 24 அங்குலச் சக்கரத்துக்கு அதில் பாதி போதும். வேகமாகப் போகும்போது சின்னச் சக்கரம் கல்லில் தடைப்பட்டு நின்றுவிட, உடம்பு நிற்காமல் போய்விடுகிறது. கானின் இடுக்கில் அது விழுந்தால் சொல்லவே வேண்டாம். பெரிய சக்கரம் முதலில், சின்னது பிறகு என்று நடத்துவதன் காரணம் இதுதான். துணைக்கு ஒருவர் இருந்தால் படியில் நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தைப் படியோடு ஒட்டவைத்து, பின்பக்கமாக இழுத்து ஏற்றுவது நேர்முகமாகத் தள்ளி ஏற்றுவதைவிட இலகு. முன்சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொரு நுணுக்கமும் உண்டு, அதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. நாற்காலி முன்னே உருளும்போது சின்னச் சக்கரங்கள் தம் அச்சாணிக்குப் பின்னால் இழுபட்டு வரும். கீழே கிடக்கும் பொருளை எடுக்கக் குனியுமுன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு உருட்டினால் அவை முன்பக்கமாகத் திரும்பிவிடும். நாற்காலியின் அடித்தளம் முன்னால் சில அங்குலம் நீளும், குனியும் உடம்பை அது தாங்கும். காசு செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறில்லை.

இறக்கத்தில் கதை கையோடு சம்பந்தப்பட்டது. மனிதரும் நாற்காலியுமாக 80 கிலோ என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் நாற்காலி ஆறரைக் கிலோ பாரத்துக்குச் சமமாகக் கீழே இழுக்கும். ஆறுக்கு ஒன்றில் பதின்மூன்று கிலோ. அதைப் பின்சக்கரத்தோடு உள்ள கைவளையத்தை உள்ளங்கையால் உரசி உரசித்தான் பிடிக்க வேண்டும். வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் குரோம் பூசிய வளையம் நனைந்தால் பிடி நிற்காது. அப்போது பலர் பிரேக்கை இழுக்கிறார்கள். அந்த பிரேக் ஓடும் சக்கரத்தை மெதுவாக்கச் செய்ததல்ல, நின்ற நாற்காலியை நிற்கவைக்கச் செய்தது. ஓட்டத்தில் இழுத்தால் ஒரு சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டு நாற்காலி பக்கவாட்டில் திரும்பும். நின்ற நாற்காலியிலும் அது முழுதாக நம்பக்கூடியதல்ல. பிரேக் என்பது டயரை அழுத்தும் ஒரு இரும்புத் துண்டு, டயரில் காற்று இறங்கினால் அது எதையும் பிடிக்காது. பிரேக் பழுதாகிவிட்டது என்று சொல்லப்படும் பல நாற்காலிகளுக்குத் தேவை காற்றடிப்பதுதான், அதற்குப் பட்டணத்துச் சைக்கிள் கடை போதும். நாற்காலி இறக்கத்தைப் பார்த்து நிற்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், பூட்டிய பின்சக்கரம் ஈரச் சீமெந்தில் வழுக்கவும் செய்யும். சரிவில் ஆளை இருத்திவிட்டுத் துணைக்கு வந்தவர் ஒரு நிமிடம்கூட அப்பால் போகக்கூடாது. கடுமையான இறக்கமானால் நாற்காலியைத் திருப்பி, துணைவர் கீழ்ப்பக்கம் நின்று தாங்கியபடி பின்னோக்கியே இறக்க வேண்டும். பாசி படிந்த பாதையில் துணைவரின் கால் வழுக்கக்கூடும், அதனால் மேற்பக்கம் சட்டத்தைப் பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும். தூக்கும்போது கைதாங்கியையோ கால்தட்டையோ பிடிப்பது பெரும் பிழை. அவை கழன்று கையோடு வரக்கூடியவை.

பாதையில் விழுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் நடப்பது மறந்துபோகும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து மலசலகூடத்துக்கும் மாறும் அந்தச் சில நொடிகளில் நாற்காலி நகர்ந்துவிட்டால் ஆள் இரண்டுக்கும் நடுவில் விழுவார். பிரேக்கைப் பூட்டி, கால்தட்டுகளை மடித்து ஒதுக்கி, நாற்காலியைக் கட்டிலுக்குச் சற்றுக் கோணமாக, பலமான கைகால் உள்ள பக்கம் நிறுத்த வேண்டும். பாரிசவாதம் வந்தவருக்கு எந்தப் பக்கம் என்பதைக் குடும்பமே தீர்மானித்து அதற்கேற்பக் கட்டிலைத் திருப்பிப் போடலாம். கால்தட்டின்மேல் கால்வைத்து எழும்பினால் நாற்காலி முன்னால் கவிழும். முதல் நாளே சொல்ல வேண்டிய இதை, முதல் விழுகைக்குப் பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

இவ்வளவு சிக்கலென்றால் மலையில் சக்கர நாற்காலியே எதற்கு, நாலு பேர் தூக்கிக்கொண்டு போகலாமே என்பார்கள். அவசரத்துக்கு ஆளைத் தூக்கி ரோட்டுவரை கொண்டுபோவது தோட்டத்தில் புதிதல்ல, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போவதற்கு அது சரிதான். ஆனால் இஸ்தோப்பில் வெயில் காய, பீலிக்கரைக்கு வர, பக்கத்துக் காம்பிராவில் ஒரு வார்த்தை பேச யார் தினமும் நாலு பேரைக் கூப்பிடுவார்கள்? பகலில் வீட்டார் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள். மலையேறுவதற்கு இந்த நாற்காலி வேண்டாம், அறையிலிருந்து மலசலகூடம்வரையான ஒரு இருபது மீற்றருக்கு வேண்டும். கேள்வியை அப்படிச் சுருக்கினால் விடையும் சுருங்கும்: அந்த இருபது மீற்றர் தரையைத் திருத்துவது.

இடமில்லை, பணமில்லை என்பது அடுத்த மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில், ஒன்றரை அடி உயர இஸ்தோப்புக்கு 18 அடி நீளச் சாய்வுப்பாதை வேண்டும். லயனுக்கு முன்னால் நேராக நீட்ட அவ்வளவு முற்றம் கிடையாது. ஆனால் லயனே நீளமான கட்டடம், சாய்வை இஸ்தோப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் ஓடவிடலாம். அயல் வீட்டாரின் சம்மதம் தேவை, வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி அளவு உயர விளிம்பு தேவை, மேற்பரப்பைப் பூசி வழவழப்பாக்காமல் ஈர்க்குமாற்றால் குறுக்கே கீறிவிட வேண்டும். முழு அளவுக்கு இடமே இல்லையென்றால் எட்டுக்கு ஒன்றாகக் கட்டி, துணையில்லாமல் பாவிக்கக்கூடாது என்று வைத்துக்கொள்வது படியைவிட மேல். கானை முழுவதும் மூட முடியாதபோது கடக்கும் இடத்தில் மட்டும் ஒரு கொங்கிரீட் பலகை போதும். இரும்புக் கிராதி போட்டால் கம்பிகள் சக்கரம் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சக்கரம் நேரே உள்ளே இறங்கும்.

இருக்கும் லயனைத் திருத்துவது கஷ்டம் என்றால், கட்டப்போகும் வீட்டில் அந்தச் சாக்கு செல்லாது. அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அணுகும் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்துவிட்டன. அவை பொதுக் கட்டடங்களைப் பற்றியவை. தோட்டத்து வீட்டை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோதும், ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் பேசப்பட்டபோதும், கணக்கு சதுர அடியில்தான் ஓடியது. வாசல் எத்தனை அங்குல அகலம், கதவடிக்கும் முற்றத்துக்கும் எத்தனை அங்குல உயர வித்தியாசம், மலசலகூடத்துக்குள் நாற்காலி திரும்புமா என்பவை அத்திவாரம் போடும் நாளில் ஏறக்குறையச் செலவின்றித் தீரக்கூடிய கேள்விகள்.

நாற்காலியின் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, பாவிப்பவரின் உடம்புக்கும் அவர் வாழும் இடத்துக்கும் பொருந்தினால்தான் ஒரு நாற்காலி தகுந்தது என்கிறது. கரடுமுரடான நிலத்துக்கென்று, முன்னால் வெகுதூரம் நீண்ட சட்டத்தில் ஒற்றைச் சக்கரம் வைத்த மூன்று சக்கர நாற்காலிகளும், மண்ணில் புதையாத அகலமான முன்சக்கரம் உள்ளவையும் செய்யப்படுகின்றன. லயன் அறைக்குள் நீளமானது திரும்பாது என்பது உண்மை, வீட்டுக்குள் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டு கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகையால் நாற்காலி கொடுப்பவர்கள், அது கோயில் சபையோ சங்கமோ அரசாங்கமோ, படமெடுக்கும் மேடையில் கொடுக்காமல் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் உருவான சக்கர நாற்காலிப் பயிற்சித் திட்டம் பாவிப்பவருக்கும் துணைவருக்கும் சேர்த்தே கற்பிக்கிறது. இங்கே அந்தப் பாடத்தைத் தொடங்க, அந்த வீட்டின் சொந்தப் படியே சரியான இடம்: பின்பக்கமாக ஏற்றுவது, பின்பக்கமாக இறக்குவது, நடுவில் மழை பெய்தால் என்ன செய்வது. ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.