அவசர அழைப்பு மையங்களில் இணையத் தொலைபேசி

அவசர அழைப்பு மையங்களை இணையத் தொலைபேசிக்கு ஏற்பத் தகவமைத்தல் என்பது, இணையம் வழியாக வரும் குரல் அழைப்புகளை 108, 112 போன்ற எண்களின் மையங்கள் ஏற்று, அழைப்பவரின் இருப்பிடம் அறிந்து உதவி அனுப்பும் வகையில் தொலைபேசி வலையமைப்பையும் மையத்தின் மென்பொருளையும் மாற்றியமைப்பதாகும். குரலைக் கொண்டு சேர்ப்பது இப்பணியின் எளிய பகுதி. அழைப்பு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைக் கண்டறிவதே கடினமான பகுதியாகும்.

எண்ணும் இடமும்

பழைய கம்பித் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணும் ஓர் இணை செம்புக் கம்பியைக் குறித்தது. அக்கம்பி ஒரு குறிப்பிட்ட வீட்டில் முடிந்தது. எனவே எண் தெரிந்தால் முகவரியும் தெரிந்தது. செல்லிடத் தொலைபேசியில் எண் இடத்தோடு பிணைக்கப்படவில்லை. எனினும் அழைப்பை ஏற்ற கோபுரம் எது என்பதை வலையமைப்பு அறியும். இதனால் தோராயமான இருப்பிடம் கிடைக்கிறது.

இணையத் தொலைபேசியில் குரல் சிறு பொதிகளாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. எண் ஒரு பயனர் கணக்குக்கு உரியதே அன்றி, ஒரு கம்பிக்கோ கோபுரத்துக்கோ உரியதன்று. எடுத்துக்காட்டாக, கேளம்பாக்கம் முகவரியில் இத்தகைய இணைப்பைப் பெற்ற மாணவர் ஒருவர், விடுமுறையில் மதுரையிலுள்ள வைஃபை வழியாக அதே எண்ணிலிருந்து அழைக்க முடியும். பதிவேடு அப்போதும் கேளம்பாக்கத்தையே காட்டும்.

இதன் விளைவு கொடியதாக அமையலாம். 2008 ஏப்ரலில் கனடாவின் கால்கரி நகரில், ஒரு குழந்தைக்காக இணையத் தொலைபேசி மூலம் அவசர உதவி கோரப்பட்டது. நிறுவனத்தின் பதிவில் அக்குடும்பத்தின் பழைய முகவரியே இருந்ததால், பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிசிசாகா நகர முகவரிக்கு அவசர ஊர்தி அனுப்பப்பட்டது. குழந்தை இறந்தது.

உலக நாடுகளின் தீர்வுகள்

அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 2005 ஆம் ஆண்டில், பொதுத் தொலைபேசி வலையமைப்புடன் இணைந்த இணையத் தொலைபேசி நிறுவனங்கள் பயனரின் முகவரியைப் பதிவு செய்து, 911 அழைப்புடன் அதனை அனுப்ப வேண்டும் என ஆணையிட்டது. பயனர் இடம் மாறும்போது பதிவை மாற்றாவிடில் இம்முறை பயனளிப்பதில்லை.

இதனால் இருப்பிடத்தை அழைப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கும் செந்தரங்களை இணையப் பொறியியல் பணிக்குழு உருவாக்கியது. எஸ்ஐபி எனப்படும் அழைப்பு நெறிமுறையின் செய்தியில் இருப்பிடத்தைச் சேர்த்து அனுப்பலாம். 2008 இல் வெளியான லாஸ்ட் என்னும் நெறிமுறை, ஓர் இருப்பிடத்தையும் தேவைப்படும் சேவையையும் கொடுத்தால், அவ்விடத்துக்குரிய மையத்தின் இணைய முகவரியைத் திருப்பித் தரும்.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்குப் பொதுவான 112 எண், 2019 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட 16 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் அறிமுகமானது. குரல் அழைப்புடன் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், செயலி ஆகியவை வழியாக வரும் வேண்டுகோள்களையும் ஏற்கும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது.

இணையத் தொலைபேசி குறித்து இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017 அக்டோபரில் பரிந்துரைகள் வெளியிட்டது. அவசர எண்களை அணுகும் வசதியைத் தர நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், ஆனால் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, வசதியின் குறைபாடுகளைப் பயனருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 2018 இல் தொலைத்தொடர்புத் துறை இச்சேவைக்கான உரிம விதிகளைத் தெளிவுபடுத்தியது.

ஜியோ 2016 இல் தொடங்கிய நான்காம் தலைமுறைக் குரல் சேவையும் இணைய நெறிமுறையிலேயே இயங்குகிறது. ஆயினும் அது கோபுரத்தின் வழியே செல்வதால் இருப்பிடம் முற்றிலும் மறைவதில்லை. வாட்சப் போன்ற செயலிகளின் வழியாக 108, 112 எண்களை இந்தியாவில் அழைக்க இயலாது.

கேளம்பாக்கமும் புறநகர்ச் சூழலும்

சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் சந்திக்கும் இடத்தில் கேளம்பாக்கம் அமைந்துள்ளது. அருகில் சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், கல்லூரி விடுதிகளும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உள்ளன. இத்தகைய பகுதிகளில் அழைப்பவர் பலர் வெளியூரினர்; தாம் நிற்கும் தெருவின் பெயரை அறியாதவர்கள். 'காந்தி தெரு', 'பிள்ளையார் கோயில் தெரு' போன்ற பெயர்கள் ஊர்தோறும் உண்டு. பெரிய வளாகங்களில் உட்தொலைபேசி இணைப்பகமும் இணைய நெறிமுறைக்கு மாறும்போது, அழைப்பு எந்தக் கட்டடத்தின் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதை மையம் அறிவது மேலும் கடினமாகிறது.

மின்சாரம் மற்றொரு சிக்கலாகும். செம்புக் கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் அது இயங்கியது. ஒளியிழை இணைப்பில் வீட்டிலுள்ள கருவிக்குத் தனியாக மின்சாரம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம், முடிச்சூர் உள்ளிட்ட பகுதிகள் மின்சாரம் இன்றித் தவித்தன. அத்தகைய வேளையில் மின்கல மாற்று வசதி இல்லாத இணையத் தொலைபேசி, அழைப்பு மையம் எவ்வளவு மேம்பட்டிருப்பினும் பயன்படாது.

அழைப்பவர் கவனத்துக்கு

அவசர வேளையில் இயன்றவரை செல்லிடத் தொலைபேசியின் வழக்கமான அழைப்பையே பயன்படுத்துவது நன்று. ஊர், சாலை, அருகிலுள்ள அடையாளம், தளம் ஆகியவற்றை முதலில் கூறவேண்டும். இணைப்பு இடையில் அறுந்தாலும் ஊர்தி புறப்பட அத்தகவல் போதுமானது. வீடு மாறுவோர் இணையத் தொலைபேசி நிறுவனத்திடம் உள்ள தம் முகவரிப் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.